ஈரம் காயாத கையெழுத்து

வேலை பெர்மிட்டுகளில் இனிமேல் பால்பாயிண்ட் பேனாவால் மட்டுமே கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு சர்குலர் ஒட்டினார்கள். கும்மிடிப்பூண்டியில் நான் சேஃப்டி வேலை பார்த்த அந்த கெமிக்கல் கம்பெனியில் இங்க் பேனா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதாவது, அந்த சர்குலர் எனக்காகவே டைப் அடிக்கப்பட்டது. ரிட்டயர் ஆன பிறகும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சேஃப்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கோபத்தைக் குறைத்து எழுதச் சொன்னாள் என் மனைவி. முடியவில்லை.

1. பீரோவில் கிடைத்த பேனா

மணவாள நகர் வீட்டில் ரேஷன் கார்டைத் தேடும்போது பீரோவின் அடித்தட்டில் அது கிடைத்தது. ஐ.டி.ஐ. படிக்கும்போது வாங்கிய பச்சைப் பேனா. அன்றைக்குக் கடையில் இருந்ததிலேயே மலிவானது. உள்ளே ரப்பர் டியூப், நிப்பில் மை இறுகிப் போயிருந்தது. வெந்நீரில் ஊறப்போட்டேன். மறுநாள் திருவள்ளூரில் இங்க் பாட்டில் கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

எழுதிப் பார்த்தேன். அழுத்தவே வேண்டியதில்லை. தாளில் வைத்தால் போதும், அதுவாகப் போனது. நிப்பு தாளில் உரசும் அந்தச் சின்னச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது. என் பெயரையே பத்துத் தடவை எழுதிவிட்டுச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

கம்பெனியில் அதற்கு ஆகாது என்று முதல் நாளே தெரிந்தது. பெர்மிட் என்பது ஆபத்தான வேலைக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. கார்பன் வைத்து மூன்று தாள். பால்பாயிண்டில் ஒரு அழுத்து அழுத்தினால் மூன்றிலும் விழுந்துவிடும். வேலைக்குப் போகிறவர் மேலே இருக்கும் வெள்ளைத் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடுவார். இங்க் பேனாவில் அழுத்த முடியாது. ஒவ்வொரு தாளாகத் தனித்தனியே போட வேண்டும், போட்டபின் காய வேண்டும். காய்கிற நேரத்தில் என்ன செய்வது? நான் படிக்க ஆரம்பித்தேன். எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று போட்ட பிறகாவது படித்த ஆள், அந்த ஆபீசில் அநேகமாக நான் மட்டும்தான்.

2. கதவுக்கு முட்டுக் கொடுத்த பிளேட்

ஒரு ரியாக்டர் வெசலுக்குள், அதாவது ரசாயனம் கலக்கும் மூடிய தொட்டிக்குள், ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டிய வேலை வந்தது. அந்த வெசலுக்கு நைட்ரஜன் வாயு வரும் லைன் உண்டு. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. உள்ளே நிறைந்திருந்தால் இறங்கிய ஆள் மூச்சுத் திணறுவதைக்கூட உணராமல் விழுந்துவிடுவார். அதனால் லைனைக் கழற்றி நடுவில் ஒரு இரும்பு பிளேட்டைச் செருகி அடைத்த பிறகுதான் ஆளை இறக்க வேண்டும். அதற்குப் பெயர் பிளைண்ட். வால்வை மட்டும் மூடினால் போதாது.

கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் முனிரத்தினம் பெர்மிட்டைப் பூர்த்தி செய்து கொண்டுவந்தார். ஊத்துக்கோட்டைக்காரர். பின்னால் ஏசுபாதம், இடுப்பில் பெல்ட்டும் கயிறுமாக. உள்ளே இறங்கப்போகிறவர் அவர்தான்.

"சீக்கிரம் குடு சார். ஆளுங்க ரெடியா கீறாங்க," என்றார் முனிரத்தினம்.

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டேன். காயட்டும் என்று படித்தேன். 'நைட்ரஜன் லைனில் பிளைண்ட் போடப்பட்டதா?' என்ற கேள்விக்கு நேராக டிக் இருந்தது. சரி என்று தலையை நிமிர்த்தினேன். எதிரே ஆபீஸ் கதவு. அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு வட்டமான இரும்பு பிளேட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் அந்த வெசலின் நம்பர். ஒரு வாரமாக எல்லோரும், நானும்தான், அதைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தோம்.

"பிளைண்ட் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"போட்டாச்சு சார்."

"அப்போ அது இன்னாய்யா?"

முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார். ஏசுபாதமும் பார்த்தார். ஏசுபாதத்தின் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளங்கையை வைத்து அந்த ஈரக் கையெழுத்தை ஒரே இழுப்பாகத் தேய்த்தேன். தாளும் கையும் நீலமாயின.

சத்தம் கேட்டு பிளாண்ட் மேனேஜர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வால்வு க்ளோஸ் பண்ணியிருக்கு, மீட்டர்ல ஆக்ஸிஜன் ஓகே. இதுக்குப் போய் லைனைக் கழட்டணும்னா ரெண்டு மணி நேரம் போச்சு. உனக்கு பேனாவை வச்சு சீன் போடணும், அவ்வளவுதானே? குடு, நானே போடுறேன்."

இங்க் பேனாவை யாருக்குக் கொடுத்தாலும் திரும்பி வர வேண்டுமே என்று மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொடுப்பதுதான் எங்கள் காலத்துப் பழக்கம். நான் கொடுக்கவே இல்லை, அவர் பிடுங்கினார். புதுப் பெர்மிட்டை எடுத்து, கார்பனில் இறங்கட்டும் என்று ஓங்கி அழுத்தினார். நிப்பு இரண்டாகப் பிளந்து விரிந்தது. மேல் தாளில் பெரிய மைக்கறை. அடித்தாள் இரண்டிலும் ஒரு கோடுகூட விழவில்லை. பேனாவை மேஜையில் வீசிவிட்டு வேறு பேனா கேட்டார்.

அதற்குள் ஏசுபாதம் பெல்ட்டை அவிழ்த்துவிட்டார்.

"நான் எறங்கல சார்."

"இன்னா நைனா பேஜார் பண்ற? அஞ்சு நிமிஷ வேலை," என்றார் முனிரத்தினம்.

"அப்போ நீ எறங்கு. எனக்கு ஊட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க."

கடைசியில் ஃபிட்டரைக் கூப்பிட்டு அந்தக் கதவு பிளேட்டையே எடுத்துக்கொண்டு போனோம். லைனின் போல்ட்டைத் தளர்த்தியதும், மூடியிருந்த வால்வைத் தாண்டிப் புஸ்ஸென்று நைட்ரஜன் வந்தது. மேனேஜர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பிப் போனார்.

பிளைண்ட் போட்டு, மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்து, ஏசுபாதம் இறங்கி, வேலையை முடித்து ஏறி வந்தார்.

3. சர்குலருக்குப் பிறகு

பொய் டிக் போட்டவருக்கு ஒரு மெமோகூட இல்லை. வால்வு மூடினால் போதும் என்றவர் மேனேஜராகவே இருந்தார். தப்பு பேனாவுடையது என்று முடிவானது. சர்குலர் வந்தது. அந்த வால்வை மாற்றச் சொல்லி நான் எழுதிக்கொடுத்ததற்கு மட்டும் பதில் வரவே இல்லை.

பேனாவுக்கு வேறு நிப்பு போட்டு வீட்டில் வைத்துக்கொண்டேன். இதை எழுதுவதும் அதில்தான். கம்பெனியில் அவர்கள் கொடுத்த பால்பாயிண்டைப் பிடித்தேன். சர்குலரை மீறவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டதும் தாளைக் கொடுக்க மாட்டேன். இங்க் காயக் காத்திருப்பதுபோல் அதை ஊதுவேன், ஊதிக்கொண்டே முதல் வரியிலிருந்து படிப்பேன். இளைஞர்களே, நான் கற்ற பாடம் இவ்வளவுதான். அவசரப்படுத்துகிறவன் உள்ளே இறங்கப்போவதில்லை. இறங்குகிறவனுக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து படியுங்கள்.

"இன்னா சார், பால்பாயிண்டைப் போய் ஊதிக்கினு கீறீங்க?" என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஏசுபாதம் மட்டும் சிரித்ததில்லை. நான் ஊதி முடிக்கும்வரை கையை நீட்டாமல் நின்றிருப்பார்.