மூன்று கொட்டேஷனும் ஒரே கையெழுத்தும்

கடலில் பாசி எடுத்தால் இடுப்பு மட்டும்தான் ஒடியும். அதே பாசியை ஆராய்ச்சி செய்ய சர்க்காரிடம் மானியம் கேட்டால் பாக்கி எலும்பும் ஒடியும். மனுப் போட்டுவிட்டுத் தபால்காரர் சைக்கிள் வருகிறதா என்று வாசலில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புதுமடத்துக்குப் பக்கத்தில் மாதா கோயிலை ஒட்டியது எங்கள் குடியிருப்பு. பட்டணத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மா பாசி ஆராய்ச்சிக்காக வந்து, கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் தங்கினார். படித்த பெண் என்றால் எங்கள் ஊரில் டீச்சர்தான். அதனால் அவர் டீச்சரம்மா ஆகிவிட்டார். ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார். வேற்று ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற சுபாவம் எனக்கு. கையில் எட்டு மாதப் பிள்ளை வேறு. "பிள்ளையோட வா, மேரி" என்றார். போனேன்.

கழுவிய பாசி

நாங்கள் கடலில் எடுத்து வியாபாரிக்குப் போடுகிற பாசியில் மண்ணோ நண்டுக் குஞ்சோ இருந்தால் அவர் மூட்டையைத் திருப்பி விடுவார். அந்தப் பழக்கத்தில், டீச்சரம்மா தீவுக்குப் போய்க் கொண்டுவந்த பாசியையும் கொத்துக் கொத்தாக அலசினேன். ஒட்டியிருந்த பூச்சி, புழு, குட்டிச் சிப்பி எல்லாவற்றையும் கிள்ளி எறிந்து, வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தேன். என் வேலை எனக்கே அழகாக இருந்தது.

ஒரு வாரம் டீச்சரம்மா பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து முகம் வாடிப்போனார். எட்டாம் நாள் நான் அலசுகிற இடத்துக்கே வந்துவிட்டார். திட்டுவார் என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரோ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாளியில் நெளிந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "பாசிய நீயே வச்சுக்கோ மேரி. நீ கீழ கொட்டுறியே, அதுதான் என் ஆராய்ச்சி."

நாட்டுக்கு என்ன நன்மை?

சர்க்கார் கொடுத்த மானியம் ஆறு மாதத்துக்குத்தான். பாசியிலே வாழும் ஜீவன்கள் கோடையில் ஒரு மாதிரி, மழைக்காலத்தில் வேறு மாதிரி. பன்னிரண்டு மாதமும் பார்த்தால்தான் ஆராய்ச்சி முழுசாகும், இல்லையென்றால் பாதிக் கோலம் மாதிரி என்றார் டீச்சரம்மா. மீதி ஆறு மாதத்துக்கு மறுபடி மனு. அது வராவிட்டால் அவர் பெட்டி கட்ட வேண்டும். நானும் வியாபாரிக்கே பாசி அலசப் போக வேண்டும். பூச்சியை அலசி எறியாமல் பார்க்கப் பழகிய பிறகு எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை.

மனுவில் ஒரு கேள்வி. இந்த ஆராய்ச்சியால் நாட்டுக்கு என்ன நன்மை? டீச்சரம்மா மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தார். நான் வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார். "இந்தப் பூச்சியத் திங்கத்தான் மீனு கரைக்கு வருதுன்னு எழுதச் சொல்லு புள்ள. அதுக்கு மேல அவுகளுக்கு என்ன நன்மை வேணுமாம்?"

டீச்சரம்மா அதைத்தான் இங்கிலீஷில் ஒரு பக்கத்துக்கு எழுதினார்.

மூன்று பேர், ஒரு வள்ளம்

தீவுக்குப் போகிற வள்ளக் கூலிக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி மனுவோடு வைக்க வேண்டும் என்பது சட்டம். டீச்சரம்மா எப்போதும் போவது சவரிமுத்து அண்ணன் வள்ளத்தில். அவர் தன் கூலியைச் சொன்னார், எழுதினேன். அடுத்து அந்தோணி அண்ணன். "எழுதிக்க" என்றார். "சவரிமுத்து வள்ளம் நல்ல வள்ளம். அதுலயே போகவும்." மூன்றாவது காதர் பாய். அவரும் அதையேதான் சொன்னார். அந்த வள்ளத்தில் பாய்மரமும் புதுசு என்று ஒரு வரி கூட்டிச் சொன்னார். மூவருக்கும் எழுதத் தெரியாது. நானே எழுதி, மூவரிடமும் பெருவிரல் ரேகை வாங்கினேன்.

கூலி சொல்லுங்கண்ணே என்று அந்தோணி அண்ணனிடம் கெஞ்சாத குறைதான். அவர் மசியவில்லை. "ஒருத்தன் வள்ளத்துல ஏறுன ஆள, இன்னொருத்தன் வெலையக் கொறச்சுக் கூப்புடுறது இந்தக் கரையில கெடையாது, தாயி. சர்க்காருல வேணா அப்படிப் பழக்கம் இருக்கும்."

டீச்சரம்மா படித்துவிட்டுச் சிரித்தார். மனுவுக்கு அன்றுதான் கடைசித் தபால். உண்மையைத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று அப்படியே அனுப்பிவிட்டார்.

பேனா

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்று தாளும் ஒரே கையெழுத்து, இரண்டில் விலையே இல்லை. இவர்கள் நிஜமான ஆட்கள்தானா என்று ஓர் அதிகாரி நேரில் விசாரிப்பார், அதுவரை மானியம் இல்லை. டீச்சரம்மா அன்று சாப்பிடவில்லை. எழுதினவள் நான். எனக்கும் இறங்கவில்லை.

அதிகாரி வந்தார். தாள்களை மேஜையில் பரப்பி, "யார் எழுதியது?" என்றார். டீச்சரம்மா வாயைத் திறப்பதற்குள் நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "நான்தான்" என்று நிலைப்படியைப் பார்த்துச் சொன்னேன். ஒரு வரி எழுதிக்காட்டச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார். பிள்ளையை டீச்சரம்மா வாங்கிக்கொண்டார். எழுதினேன். எழுத்து ஒன்று மேலே, ஒன்று கீழே. இது வேறு யாரோ எழுதியது போல இருக்கிறதே என்றார் அவர். வெளியூர் ஆம்பிளையிடம் அன்றுவரை நான் பேசியதில்லை. "அன்னைக்கு எழுதையில நீங்க எதிர்ல நிக்கலய்யா" என்றேன்.

காதர் பாய்க்கு வைத்த சோதனை

அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததை மீசை மறைத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. வள்ளக்காரர்கள் மூவரையும் அழைத்து ரேகையை ஒத்துப் பார்த்தார். பிறகு காதர் பாயை மட்டும் தனியே புன்னை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். சவரிமுத்துவுக்குத் தெரியப்போவதில்லை, கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள், ஆறு மாத வேலையும் உங்களுக்கே என்றார். வாசலில் நின்ற எங்களுக்குக் காற்று ஒவ்வொரு சொல்லையும் கொண்டுவந்தது. டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பாய் அவசரப்படவில்லை. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார். "அவன் காய்ச்சல்ல படுத்தா இந்த அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். அன்னைக்கும் கூலி அவன் சொன்னதுதான், அது அவன் வீட்டுக்குத்தான் போவும். எழுதிக்கங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். போட்டி விலை பெற இந்தக் கரையில் வழியில்லை, சவரிமுத்து சொன்ன ஒரு விலையையே ஏற்கலாம் என்று எழுதியதாக டீச்சரம்மாவிடம் இங்கிலீஷில் படித்துக் காட்டினார்; டீச்சரம்மா எனக்குத் தமிழில் சொன்னார். மழை பிடிப்பதற்கு முன்னால் மானியம் வந்தது. ஐப்பசிப் பாசியில் இருந்த பூச்சிகளை நானே எண்ணிக் கொடுத்தேன்.

ஆராய்ச்சியை டீச்சரம்மா பன்னிரண்டே மாதத்தில் என் ஒருத்தி துணையோடு முடித்துவிட்டார். அதற்குப் பணம் கேட்கத்தான் எங்கள் கரை முழுக்க வேண்டியிருந்தது.