புயல் பாய்க்கு நான் விட்ட ஒரு முழம்

தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லித் தப்பிச்சுக்க எனக்கு வழியில்ல. என் தம்பி எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லிட்டுத்தான் போனான். நான்தான் காதுல வாங்கல.

சங்ககிரியில லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை என்னோடது. பதினெட்டு வருசமா மெஷின்ல உக்காந்திருக்கேன். தம்பி சரக்குக் கப்பல்ல வேலை பார்த்துட்டு, கொச்சியில ஊடு எடுத்துத் தங்கி, சொந்தமா ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கினான். அவனும் அவன் பொண்டாட்டியும் அதுலயே சமைச்சு, அதுலயே தூங்கி, கோவா வரைக்கும் போயிட்டு வருவாங்க. தண்ணின்னா மேட்டூர் டேமைத் தாண்டி நெனைக்கத் தெரியாத சனம் நாங்க. எங்களுக்குள்ள இப்படி ஒருத்தன். எனக்குப் பெருமைதான், ஆனா வெளிய காட்டிக்க மாட்டேன்.

போன வருசம் சித்திரையில ஒரு சுருள் ஆரஞ்சுத் துணியும் ஒரு பேப்பருமா கடைக்கு வந்தான்.

"புயல் பாய் ஒண்ணு தச்சுக் குடுங்க்கா. வெளிய வாங்கலாம். ஆனா உங்க தையல் மாதிரி வராது."

பேப்பர்ல ஒரு முக்கோணம், மூணு பக்கத்துக்கும் அளவு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கல. "ஏஞ்சாமி, அடிக்கிற புயல்ல இந்தக் கோவணத்தையா கட்டிக்கிட்டு நிப்பே?"

அவனும் சிரிச்சான். அப்புறம் பொறுமையாச் சொன்னான். "காத்து ஏற ஏறப் பாயைச் சின்னதாக்கணுங்க்கா. பெரிய பாயையெல்லாம் எறக்கிச் சுருட்டிட்டு இதை மட்டும் முன்னால ஏத்துவோம். படகு நம்ம சொன்ன பக்கம் திரும்பறதுக்கு இத்தனூண்டு போதும். கூடக் காத்துப் புடிச்சா சாச்சுப் போட்ரும். ஒரு இஞ்சுகூட அதிகமா இருக்கக் கூடாது."

"போடா, எனக்கே துணி வெட்டச் சொல்லித் தர்றயா"ன்னு தொரத்தி உட்டேன்.

எங்க தொழில்ல லாரிக்காரர் சொல்ற அளவுக்கு அப்படியே வெட்டறது கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம் கூட விடுவோம். இழுத்துக் கட்ட வேணும், மூட்டை கொஞ்சம் ஒசந்தாலும் மூடணும். கேக்காமயே விடறதுதான் மரியாதை. சரிக்குச் சரியா வெட்டினா, பிசினாறின்னு பேரு லாரி ஸ்டாண்டு பூராப் பரவிரும்.

கை பழக்கத்துல போச்சுன்னு சொன்னா அது பொய். அவன் அளவுக்குக் கோடு போட்டுட்டு, அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். பத்தலைன்னா நடுக்கடல்ல எவன்கிட்டப் போயிக் கேப்பான்னு நெனச்சேன். மூணு பக்கமும் ஒரு முழம் தள்ளி வெட்டினேன். கிழிஞ்சா ஒட்டுப் போடன்னு அவன் சேர்த்துக் கொண்டாந்த துணியும் அதுலயே போச்சு. நாலு வரிசைத் தையல், மூலைக்கு மூலை பித்தளை வளையம். பாசத்துல பண்ணினேன்னு சொல்ல இப்பவும் வாய் வருது. பாசம் பாதி, திமிரு பாதி.

புதுப் பாயைக் கரையோரத்துலயே அமைதியான நாள்ல ஒருக்கா ஏத்திப் பார்க்கணுமாம். அவன் பார்க்கல. அக்கா தச்சதைப் போயி அளக்கறதான்னு பையோட படகுக்குள்ள வச்சுட்டான்.

ஐப்பசியில கோவாவுல இருந்து திரும்பறப்ப ஒரு மத்தியானம் காத்து புடிச்சுக்கிச்சு. அந்தப் பாயை ஏத்தினதும் படகு ஒரே சாய்வாச் சாஞ்சிருக்கு. எறக்கலாம்னு முன்னால போனவனோட வலது கை கயித்துல சிக்கிருச்சு. அவன் பொண்டாட்டி கத்தியால கயித்தை அறுத்துப் பாயைக் கடல்ல உட்டுத்தான் படகை நிமித்தினா. உசுரு பொழச்சாங்க. அவனுக்கு ரெண்டு வெரல் போயிருச்சு.

கையில கட்டோட எங்க ஊட்டுலதான் வந்து இருந்தான். மிச்ச வெரல் மடக்கப் பழகறதுக்கு அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்ஸுல நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு நாள் பஸ்ஸுல சொன்னான். "தப்பு என்னோடதுங்க்கா. காத்து ஏறறதுக்கு முன்னாடியே பாயை ஏத்தியிருக்கணும், இல்ல ஏத்தின விதம் தப்பு. எனக்குக் கடல் தெரியல. பொண்டாட்டியையும் சேர்த்துக் கொல்லப் பார்த்தேன். படகை வித்தரலாம்னு இருக்கேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, எனக்கு ஆறுதல் மாதிரி, "உங்க தையல் ஒண்ணுகூட விடலீங்க்கா"ன்னான்.

அட கடவுளே. அந்தத் தையல் விட்டுத் தொலைச்சிருந்தா அவன் வெரல் தப்பிச்சிருக்குமே!

அன்னைக்குக் கடைக்குப் போயி, தரையில சாக்பீஸால அவன் அளவையும் என் அளவையும் வரைஞ்சு பார்த்தேன். நாப்பதடித் தார்ப்பாய்க்கு ஒரு முழம் ஒண்ணுமேயில்ல. அந்தக் குட்டி முக்கோணத்துக்கு மூணு பக்கமும் சேர்ந்தா துணி கிட்டத்தட்ட ரெட்டிப்பு. மூலை கட்டாத தார்ப்பாயில காத்து புகுந்தா லாரியை எப்படி இழுக்கும்னு டிரைவருங்களுக்குப் பாடம் எடுக்கறவ நான். எனக்குத் தெரியாதா?

சொல்லிரணும்னு தெனமும் பஸ் ஏறுவேன். அவன் எடக்கையில சில்லறையைத் தடவி எடுக்கறதைப் பார்த்தா சன்னல் பக்கம் திரும்பிக்குவேன். எம்மேல வெச்ச நம்பிக்கை போயிருமேங்கற பயம். அவனுக்கு அவன்மேல இருந்த நம்பிக்கை போயிக்கிட்டிருக்கறதைக் கண்ணால பார்த்துக்கிட்டே, என்னோடதைக் காப்பாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். சீ, நானெல்லாம் ஒரு அக்கா.

கட்டுப் பிரிச்சு அவன் கொச்சிக்குப் போனான். அதுக்கப்புறமும் மூணு வாரம் ஓட்டினேன். கடைசியில ஒரு நாள் காலையில, கடையைத் தொறந்ததும் தொறக்காததுமாப் போன் போட்டு, மூச்சு விடாமச் சொல்லி முடிச்சேன்.

திட்டட்டும்னு காத்திருந்தேன்.

"எத்தனை கூட உட்டீங்க?"

"ஒரு முழம்."

"மூணு பக்கமுமா?"

"ஆமா சாமி."

அப்புறம், "அப்ப நான் ஓட்டுனது சரிதானுங்களாக்கா?"ன்னு கேட்டான்.

"சரிதான் சாமி. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

"நேத்துத்தானுங்க்கா படகை வித்தேன்"னான்.