வனத்துச் சின்னப்பரின் பாதம்

அபுதாபியில் ஓர் அருங்காட்சியகம். பதினான்காவது கூடத்தில் நிற்கிறேன். நானூறு ஆண்டுப் பழைய ஓவியத்தில், பாலைவனத்தில் தனித்துத் தவம் செய்த புனிதர் வனத்துச் சின்னப்பர் பனையோலை உடுத்தி முழந்தாளிட்டிருக்கிறார். விலா எலும்புகளை எண்ணலாம், ஏழு தெரிகின்றன. தலைக்கு மேல் காகம் அப்பம் கொண்டுவருகிறது. எங்கள் ஊர் மாதா கோயிலில் புனிதர் சுரூபத்தைத் தொடுகிற பழக்கத்தில், கை தானாக நீண்டு அவர் பாதத்தைத் தொடுகிறது. விரல்களை முத்தமிடுவதற்குள் அலாரம் அலறுகிறது.

சற்றுமுன் என்னிடம் ஊர் விசாரித்த தூத்துக்குடிக் காவலாளி ஓடி வருகிறார். “என்ன சார் இப்படிப் பண்ணிட்டிய! வெயில்ல நாலு வருசம் நின்னு வாங்குன ஏசி டியூட்டி சார் இது!”

மேற்பார்வையாளர் வருகிறார். தவறு என்னுடையது என்று ஆங்கிலத்தில் மூன்று முறை சொல்கிறேன். “நோ ப்ராப்ளம், சார்” என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். காவலாளியிடம் திரும்பும்போது அந்தச் சிரிப்பு இல்லை. “கலாஸ், ஃபினிஷ்! ஃப்ரம் டுமாரோ பார்க்கிங் டியூட்டி. யல்லா, கோ!”

வெளியே நாற்பத்தாறு டிகிரி வெயில்.

“அவரிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கட்டுமா?” என்கிறேன்.

“வேண்டாம் சார். பேசுனா ஊருக்கே அனுப்பிருவான்,” என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். “நீங்கதான் கும்பிட்டாச்சுல்லா, கெளம்புங்க.”