அக்காவின் அண்டமும் என் வயிற்றெரிச்சலும்

எங்கள் அருமை அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் அக்காவின் பொறுமை, உழைப்பு, கைமணம் எல்லாம் அறிந்தவர்கள். அவற்றை அவர் மகன் அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறான். உடன்பிறந்த தங்கையாகிய நான் எழுத வேண்டியது வேறு. எனக்கு அக்கா மேல் பொறாமை. அதை மறைத்துவிட்டுப் புகழ்ந்து எழுதினால் அக்காவே சிரிப்பார்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவாளர் குடும்பத்தில் அக்கா மூத்தவர், நான் இளையவள். அக்காவுக்கு நிறம், குரல், நீண்ட கூந்தல், நாலு பேரைச் சிரிக்க வைக்கும் வாய் என்று எல்லாமே அமைந்திருந்தன. எனக்குப் படிப்பு மட்டும். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றார்; நான் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துப் பள்ளி ஆசிரியை ஆனேன். கல்யாண வீடுகளில் எல்லாரும் அக்காவைத்தான் சூழ்ந்துகொள்வார்கள். கிரகணம், நட்சத்திரம் என்று பேச்சு வந்தால் மட்டும், "டீச்சரைக் கேளுங்கபா" என்று என் பக்கம் திரும்புவார்கள். குடும்பத்தில் எனக்கென்று இருந்த இடம் அவ்வளவுதான்.

தென்னேரியில் வாழ்க்கைப்பட்ட அக்கா, கணவர் திடீரென மறைந்தபின் கைக்குழந்தையுடன் ஊர் திரும்பினார். ஓரிக்கை போகும் சாலையில் ஒரு கிரைண்டரைப் போட்டு, இட்லி மாவு அரைத்து விற்றே மகனைப் படிக்க வைத்தார். யாரிடமும் கை நீட்டவில்லை. அதிலெல்லாம் எனக்குப் பொறாமை கிடையாது, பெருமைதான். வேலைக்குப் போன மகன் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான் பாருங்கள், வினை அங்கே ஆரம்பித்தது.

மாவு அரைபடும் நேரமெல்லாம் அக்கா அண்டத்தைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். பிறகு ஒரு காலையில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்பா. அண்டம் வெடிச்சு வந்துச்சுன்றாங்க. வெடிச்சா செதறித்தானே போவும்? இது வெடிக்கல. மாவு மாதிரி பொங்குச்சு. நேத்து மாவுல ஒரு கரண்டி மிச்சம் வெச்சாத்தான் இன்னிக்கு மாவு நல்லா பொங்கும். அப்படின்னா நம்மளுக்கு முன்னாடியே ஒரு அண்டம் இருந்திருக்குது. அதோட மிச்சத்துல பொங்கினதுதான் இது."

குழுவே கொண்டாடியது. அதன்பின் தினமும் காலையில் அண்டம்தான். என் கணவரே சாப்பிடும்போது அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். கேட்டுவிட்டு இன்னும் ஒரு இட்லி வைத்துக்கொள்வார். எனக்குத்தான் தொண்டையில் இறங்காது.

நான் விடுவேனா? பெருவெடிப்பு என்பது பெயர்தானே தவிர பட்டாசு வெடிப்பது போன்றதல்ல. மிகமிகச் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்த நிலையிலிருந்து அண்டவெளி முழுவதுமே விரிந்துகொண்டு போனது. அந்தச் சூட்டின் மிச்ச ஒளி இன்றும் எல்லாத் திசையிலும் பரவியிருக்கிறது. முந்தைய அண்டம் ஒன்று இருந்திருக்கலாம் என்று அறிவியலாளர்கள் சிலரும் நினைக்கிறார்கள், ஆனால் ஆதாரம் இல்லை. இப்படிப் பத்தி பத்தியாக அடித்துப் போட்டேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நேரிலும் நான் விடவில்லை. உறவுப் பெண் ஒருத்தியின் வளைகாப்பில் எல்லார் முன்னாலும், "மாவு பொங்கறதுக்குப் பாத்திரம் வேணும்கா, சுத்தி இடம் வேணும். அண்டத்துக்கு அப்படி ஒண்ணு இருந்தே ஆகணும்னு இல்ல" என்றேன்.

"இல்லன்னு நீ போய் பாத்துட்டு வந்தியாடி?" என்றார் அக்கா. கூடம் முழுக்கச் சிரிப்பு. சரியாகச் சொன்னவள் நான். வளையல் போட்டுக்கொண்ட பெண்கூட அக்கா பக்கம்தான் சாய்ந்தாள். வயிறு பற்றி எரிந்தது. என் பாடத்தை என்னிடமே கொடுத்துவிடு என்று அக்காவைக் கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஒரு நாள் கேட்டும் விட்டேன். சிறுநீரகக் கோளாறால் அக்கா படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில், பகலில் நான்தான் உடன் இருந்தேன். பேச அவருக்கு மூச்சு போதவில்லை. குழுவிலோ, "பெரியம்மா எப்ப பேசுவாங்க?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"இனிமே நான் பேசட்டுமாக்கா? ஒரு தடவையாவது சரியானதச் சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம்" என்றார்.

"ஏன்க்கா? கோலம் இருக்குது, சமையல் இருக்குது, நீ எதப் பேசினாலும் கேக்கறாங்க. என்னோடத ஏன் எடுத்துக்கின?"

அக்கா விட்டு விட்டுப் பேசினார்.

"வேணும்னேதாண்டி எடுத்தேன். சின்னதுல நீ ஸ்கூல்லேர்ந்து வந்து, சூரியன் எப்படிப் பொறந்துச்சு, பூமி எப்படிப் பொறந்துச்சுன்னு சொல்லிக்கினு இருப்ப. அப்பா நெய்யறத நிறுத்திட்டு, தறியில ஓட்டற நாடாவக் கையிலயே புடிச்சுக்கினு உன் மூஞ்சியே பாத்துக்கினு இருப்பாரு. நான் பக்கத்துலதான் உக்காந்து நூல் சுத்திக்கினு இருப்பேன். என்னை ஒரு நாளும் அப்படிப் பாத்ததில்ல. அதுல அப்படி என்னதான் இருக்குதுன்னு எத்தினி வருசம் வயிறெரிஞ்சேன் தெரியுமா?"

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "குடுக்க மாட்டேன் போடி" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே எங்களை விட்டுப் போனார்.

அக்காவைத் தம் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மருத்துவமனைக்கு அழைத்துப் போய் அழைத்து வந்த ஆட்டோ தம்பிக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய தெருவாசிகளுக்கும், அக்காவின் குரலுக்காகத் தினமும் காலையில் காத்திருந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பாடம் இப்போது என்னிடமே வந்துவிட்டது. குழுவில் என்னைத்தான் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் பொறாமை போகவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசுவது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அக்கா தினமும் பார்த்திருக்கிறார்.