நிழலுக்கு நாற்காலி போட்டவர்

நார்பர்ட் ஸ்டெம்பினைக் காலையில் கேட்டால் எங்கள் மேசா ஊர்தான் சொர்க்கம். சாயங்காலம் கேட்டால் சிகாகோ. நடுமத்தியானத்தில் கேட்கவே முடியாது. அந்த வெயிலில் பதில் சொல்ல அவர் வாசலுக்கு வரமாட்டார்.

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் அடியில் சக்கரம் உண்டு. எந்தக் காலத்திலும் சுற்றியதில்லை. சுற்றுவதெல்லாம் மனிதர்கள்தான். நவம்பரில் வடக்கே குளிர் தாங்காமல் கிழவர்களும் கிழவிகளும் அரிசோனாவுக்கு வந்து இறங்குவார்கள். ஏப்ரல் முடிவதற்குள் வெயிலுக்குப் பயந்து ஓடிவிடுவார்கள். நான் ஒஃபீலியா, இங்கேயே பிறந்தவள். துணி துவைக்கிற மெஷின்கள் இருக்கும் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் என்னிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "இது வறண்ட வெயில்தானே, உடம்புக்குத் தெரியவே இல்ல." எப்படித் தெரியும்? தெரிகிற மாதத்தில் அவர்கள் ஊரிலேயே இருப்பதில்லை. இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நார்பர்ட்டும் அவர் மனைவி டார்லினும் மட்டும் வருடம் முழுக்க இங்கேயே இருந்தார்கள். நார்பர்ட் சிகாகோவில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் பாய்லரைக் கட்டி மேய்த்தே ஓய்வு பெற்றவர். டார்லின் பேக்கரியில் ரொட்டி விற்றவள். ரொட்டி கொடுக்கிற சாக்கில் தெருக்கதை முழுக்க அவள் காதுக்கு வந்துவிடும். ஆனால் அவளுடைய நுரையீரல் சரியில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் ஆஸ்பத்திரி. வறண்ட ஊருக்குப் போனால் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்ல, நார்பர்ட் அந்த வாரமே சாமான்களைக் கட்டிவிட்டார். இங்கே வந்ததும் இருமல் நின்றது உண்மை.

நின்றதோடு எல்லாம் முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சிகாகோ வீட்டை அவர் விற்கவில்லை. பூட்டியே வைத்திருந்தார். மகள் ரெனே பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்தாள். அவள் கேட்டது நியாயம்தான்: "அப்பா, நீங்க திரும்பி வர்றதா இருந்தா நான் வாய தொறக்கல. வரமாட்டீங்கன்னா எனக்குக் குடுங்க. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள சொல்லுங்க." கொடுத்துவிட்டால் அதோடு சிகாகோ முடிந்தது. நார்பர்ட்டால் வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

"இங்க நவம்பர் வந்தா காலண்டரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு, ஒஃபீலியா" என்பார். "நேத்தைக்கும் இன்னைக்கும் ஒரே வெளிச்சம். ஒரு நாள் எங்க முடிஞ்சுது, அடுத்தது எங்க ஆரம்பிச்சுதுன்னே புரியல. எங்க ஊர்ல நாலு காலம். இலை சிவக்கும், கொட்டும், பனி விழும், மறுபடி துளிர்க்கும். மனுசனுக்கு ஒரு பிடிமானம்."

"நாலு காலத்துலயும் இவரு திட்டிக்கிட்டேதான் இருப்பாரு. என்ன, திட்டுறதுக்கு நாலு விசயம் இருந்துச்சு" என்பாள் டார்லின்.

"உனக்கு எப்படி இருக்கு, டார்லின்?" என்று நான் கேட்டால், "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுவாள். தினமும் இரண்டே இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு துவைக்க வருவாள். மெஷினுக்குள் அவை கிடப்பதே தெரியாது. சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

போன மார்ச்சில்தான் நாற்காலி விவகாரம் வந்தது. என் கட்டிடத்துக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் திடலில் ஒரே ஒரு கருவேல மரம். அதன் நிழலில் ஒரு கார்தான் நிற்கும். வெயிலில் நின்ற காரில் சீட் பெல்ட்டின் இரும்பு விரலைச் சுட்டுவிடும், ஸ்டியரிங்கைத் தொட அடுப்படித் துணி வேண்டும். அதனால் அந்த நிழலுக்காகக் கிழவர்கள் கழுகு மாதிரி வட்டமடிப்பார்கள். ஒருநாள் நார்பர்ட் கடைக்குப் போகும்போது, தன் கார் நின்ற இடத்தில் கால் ஒடிந்து பிளாஸ்திரி சுற்றிய ஒரு சாப்பாட்டு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், மினசோட்டாவிலிருந்து வந்த ஆர்வில் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

நார்பர்ட் ஹாரன் அடித்தார். ஆர்வில் கையை ஆட்டினார். மறுபடி அடித்தார். ஆர்வில் எழுந்து வந்து, "நிழல்ல நாற்காலி போட்டிருக்காங்க பாருங்க, எந்தப் புண்ணியவானோ" என்றார்.

சத்தம் கேட்டு நான் போனபோது நார்பர்ட்டின் முகம் வெந்த பீட்ரூட்டாக இருந்தது. அவர்கள் தெருவில் பனி விழுந்தால் எப்படி என்று எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தார்.

"ராத்திரி பூரா பனி கொட்டும். காலையில முதுகு ஒடிய வாரிப் போட்டு கார வெளிய எடுப்போம். வாரின இடம் வாரினவனுக்கு. ஒரு நாற்காலிய வெச்சுட்டுப் போனா போதும், ஊர்ல எவனும் தொடமாட்டான்."

"தொட்டா?" என்றார் ஆர்வில்.

"டயர்ல காத்து இருக்காது."

"எங்க ஊர்லயும் பனி விழுது. நாங்க நாற்காலியில உக்காரத்தான் உக்காருவோம்" என்றார் ஆர்வில். ஒரு நாற்காலிக்கு இன்னொரு அர்த்தம் இருக்கும் என்பதே நார்பர்ட்டுக்குப் புதுச்செய்தி போலிருந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பனிய வாரினீங்க, இடம் உங்களுது, சரி. இந்த நிழல நீங்க எங்கேருந்து வாரினீங்க?"

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது.

சில நாள் கழித்துக் காலையில் என் கட்டிடத்தின் வெளிக்குழாயில் வாளி நிரம்பும் சத்தம். நார்பர்ட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் ஊற்றுகிறார். கருவேல மரத்துக்குத் தண்ணீர்!

"என்ன பண்றீங்க?"

"வாரறேன்" என்றார். "இனிமே இது நான் உழைச்ச நிழல்."

"அதுக்கு யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்க, நார்பர்ட். அதுவா தேடிக் குடிச்சுக்கும். ஊத்தித்தான் ஆகணும்னா மாசத்துக்கு ஒருக்கா, தூரமா ஊத்துங்க."

"இந்தச் சூட்டுலயா? பாவம் ஒஃபீலியா, வாயில்லாத ஜீவன்."

ஆர்வில் உட்பட எல்லோரும் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். குடியிருப்பு காலியானது. பொதுக்கூடத்து மேசையில், பாதி சேர்த்த படப்புதிர் ஒன்று அப்படியே கிடந்தது. டார்லினோடு அதைச் சேர்த்துக்கொண்டிருந்த மூன்று பெண்களும் போயாகிவிட்டது. மே, ஜூன் முழுக்க நார்பர்ட் தினமும் தண்ணீர் ஊற்றினார். மரம் அந்த மாதிரி செழித்து நான் பார்த்ததே இல்லை. கிளை கிளையாக விரிந்து காரையே மூடிவிட்டது. போட்டிக்கு ஒரு கார்கூட இல்லாத திடலில் அவர் நாற்காலி போட்டுவிட்டுப் போவார், வந்து எடுத்துவிட்டுக் காரை நிறுத்துவார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சிகாகோ பேச்சுகூடக் குறைந்தது. "இத விட்டுட்டு எப்படிப் போறது? யாரு ஊத்துவா?" என்று ஒருநாள் கேட்டார். ரெனேவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஜூலையில் முதல் புயல் வந்தது. தெற்கே வானம் வரைக்கும் புழுதிச் சுவர் எழும்பி ஊரை மூடியது. அதன் பின்னாலேயே காற்றும் மழையும். கால்மணி நேரம்கூட இருக்காது. ஓய்ந்ததும் வெளியே வந்தோம். கருவேலம் வேரோடு சாய்ந்து, சரியாக நார்பர்ட்டின் காருக்கு மேலே படுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் காலி. நாற்காலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

வேர் சாப்பாட்டுத் தட்டு மாதிரி தட்டையாக இருந்தது. காலடியிலேயே தினமும் தண்ணீர் கிடைக்கும்போது அது எதற்கு ஆழத்துக்குப் போகும்? நான் சொல்லிக்காட்ட வாயெடுத்தேன். அவர் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"நான் தண்ணிதானே ஊத்தினேன்" என்றார். ஈர மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். மறுபடியும், "தண்ணிதானே ஊத்தினேன், ஒஃபீலியா" என்றார்.

அன்று சாயங்காலமே ரெனேவின் போன் வந்தது. கிளையை வெட்டி இழுத்த களைப்பில் மூவரும் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஸ்கூல் திறக்கப் போகிறது, என்னதான் முடிவு என்றாள் மகள். நார்பர்ட் போனையே வெறித்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புரியலம்மா. எனக்கு எதுவுமே புரியல. உங்கம்மாவக் கேளு" என்று டார்லினிடம் கொடுத்துவிட்டார். யோசித்துப் பார்த்தால், இந்த விஷயத்தில் அவளை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

டார்லின் தயங்கவே இல்லை. "வீடு உனக்குத்தான் ரெனே. எடுத்துக்கோ. கீழ இருக்கற ரூம மட்டும் எனக்கு வெச்சிரு, நான் வர்றேன்."

நார்பர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கு மூச்சு?"

"இங்க மூச்சு நல்லா வருது, இல்லேங்கல. அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பேச ஆளு இல்லியே."

"நான் இல்லியா?"

"நீ மரத்தோட இருந்தே."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இரண்டு துண்டுகள்தான் நினைவுக்கு வந்தன. அழுக்கே ஆகாத துண்டைத் துவைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் என் எதிரில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவள். நான் ஒரு நாளாவது வேலையை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேனா என்று தெரியவில்லை.

"அப்ப நீ ஏன் இத்தன நாளா நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னே?" என்றார் நார்பர்ட்.

"நீ எனக்காகத்தானே வந்தே. வேற என்னத்தச் சொல்ல?"

"நான் இங்க புலம்பிக்கிட்டே இருந்தேனே, அப்பவாவது போலாம்னு சொல்லியிருக்கலாமே."

"நீ காலையில வேற மாதிரி புலம்பினே. சாயங்காலம் வேற மாதிரி. எத நம்புறது?"

நவம்பரில் கிளம்பினார்கள். எதிரே வடக்கத்திக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள், இவர்கள் மட்டும் வடக்கே போகிறார்கள். புதிதாக வந்த ஒரு அம்மா வழியை மறித்து, "எதிர்ப்பக்கமா போறீங்களே, குளிரு வரப்போகுது" என்றாள். "வரட்டும்" என்றாள் டார்லின். நார்பர்ட் கூரை தட்டி நிமிர்த்திய வண்டியில் ஏறியும் இறங்கியும் மூன்று தடவை எதையோ மறந்ததாகச் சொன்னார். எதுவும் மறக்கவில்லை. இத்தனை வருடமாக ஊருக்குப் போக வேண்டும் என்று அழுத மனுஷன், போகலாம் என்றதும் போக மனமில்லாமல் நின்றார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது. இரண்டையும் சிரிப்பில் மறைத்து வழியனுப்பினேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. இங்கே இதமான வெயில், ஆட்கள் அரைக்கை சட்டையோடு திரிகிறார்கள். அங்கே ஜன்னல் வரைக்கும் பனி என்றார் நார்பர்ட்.

"டார்லின் எப்படி இருக்கா?"

"ராத்திரி பூரா இருமுறா. நான் சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டே இருக்கேன். விடிஞ்சதும் பக்கத்து வீட்டு வாண்டா வந்துடுறா. பேக்கரிக்கு வந்த பழைய ஆளுங்கல்லாம் வர்றாங்க. அடுப்படியில உக்காந்து ஒரே பேச்சு. அங்க இருந்தப்ப அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"நல்லதுதானே."

"டாக்டர் இன்னொரு குளிர்காலம் தாங்காதுங்கறாரு. இப்பவே திருப்பிக் கூட்டிட்டுப் போங்கறாரு."

"அவ என்ன சொல்றா?"

"வரமாட்டாளாம். கையில தூக்கிட்டா வர முடியும்?" அடுப்படிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "நீ எதுக்குமே பட்டுனு பதில் சொல்றவ, ஒஃபீலியா. எனக்கு இதுக்குச் சொல்லு. நான் இப்ப அவள வாழ விடறேனா, சாக விடறேனா?"

போனில் தூரத்தில் டார்லின் இருமுவது கேட்டது. நீளமான இருமல், நிற்காது போலிருந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவா என்றார்கள். பிறகு, மூச்சு முழுக்கத் திரும்புவதற்கு முன்பே அவள் விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்லி முடித்தாள். அடுப்படியே சிரித்தது.

"கேட்டுச்சா?" என்றார் நார்பர்ட்.

"கேட்டுச்சு" என்றேன். போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் வைக்கவில்லை.