மாடிக்கு நான் எண் கொடுத்த காலம்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, என் போன் அடிப்பது நின்றுபோனது. வேலையில் இருந்தவரை குளிக்கும்போதுகூட அடிக்கும். பிரிண்டர் வரவில்லை, கேமரா தெரியவில்லை என்று யாராவது அழைத்துக்கொண்டே இருப்பார்கள். சலித்துக்கொள்வேன். நின்ற பிறகுதான் அந்தச் சலிப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று தெரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததற்கெல்லாம் காரணம் இதுதான்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறைகளில் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்கள் குடியிருக்கிறார்கள். மாடியில் செல்போன் சிக்னல் நிற்காது என்பதால் வைஃபை போட்டுக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். வெளி இணையத்துக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்தேன்.

"வூட்ல இன்னா கம்பெனியா நடக்குது?" என்றாள் மனைவி.

அந்தப் பெட்டி வழியாக இணையத்துக்குப் போகும் ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் வேண்டும். ஐ.பி. முகவரி என்பார்கள். ஒரே எண் இரண்டு போன்களுக்கு இருக்கக் கூடாது. எண்களைப் பெட்டியே தானாகக் கொடுக்கும்படி வைக்கலாம். எல்லா வீடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது. நான் அந்த வசதியை அணைத்துவைத்தேன். ஒவ்வொரு பெண்ணும் கீழே வந்து போனைக் கொடுக்க வேண்டும். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைத் தட்டித் தருவேன். பாதுகாப்புக்காக என்று சொன்னேன். தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு அப்படிச் செய்தோம் என்பது உண்மைதான். ஆனால் மாடியில் இருந்தவர்கள் பெண்கள். "சார், நெட் வரல" என்று யாராவது வந்து வாசலில் நிற்பது எனக்கு வேண்டியிருந்தது.

மனைவிக்கு அது புரிந்திருக்கும். "ரேசன் கடை மாதிரி நிக்க வெச்சிக்கினு கீறீங்க" என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

யாருக்கு எந்த எண் என்பதை எங்கும் குறித்துவைக்கவில்லை. எல்லாம் நினைவில் இருக்கிறது என்று பெருமை வேறு.

மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கணவன் திருப்பூரில் வேலை செய்கிறான். பெண் குழந்தை ஊரில் பாட்டியிடம் வளர்கிறது. இவள் இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம்தான் அங்கே குழந்தை பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். தினமும் வீடியோவில் அம்மா முகத்தைப் பார்த்துக் கையாட்டினால்தான் அது வேனில் ஏறும்.

அவளுடைய பழைய போன் விழுந்து உடைந்துபோனது. சுங்குவார்சத்திரத்தில் புதியது ஒன்று வாங்கிக்கொண்டு, ஒரு காலை, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வாசலுக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் சார். வேன் வந்துரும்."

"உட்காரும்மா" என்றேன். கையில் காபி இருந்தது. குடித்து முடித்தேன். அவளுடைய அவசரம் எனக்கு இனிப்பாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகு ஓர் எண்ணைத் தட்டிக் கொடுத்தேன்.

மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஏட்டி, அம்மா தெரியுதா? ஏட்டி, கேக்கா?" அதே கேள்வி திரும்பத் திரும்ப. பிறகு செருப்புச் சத்தத்தோடு இறங்கி வந்தாள். படம் வந்து வந்து நின்றுபோகிறது என்றாள்.

போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புது போன்ல ஏதோ கோளாறு, கடையில காட்டு" என்றேன்.

அதைச் சொல்லும்போது எனக்கு உண்மை தெரியாது. மத்தியானம் தெரிந்தது. பக்கத்து அறைப் பெண் தனக்கும் நெட் விட்டுவிட்டு வருகிறது என்று கீழே வந்தாள். அவள் போனில் பார்த்தேன். காலையில் நான் கொடுத்த அதே எண். காலி செய்துவிட்டுப் போன வேறொருத்தியின் எண் என்று நினைத்து, பக்கத்து அறைப் பெண்ணின் எண்ணைத் திருநெல்வேலிப் பெண்ணுக்கும் கொடுத்திருக்கிறேன். ஒரே எண்ணுக்கு இரண்டு போன்களும் மோதிக்கொண்டிருந்தன. பக்கத்து அறைப் பெண்ணுக்கு வேறு எண் போட்டுக் கொடுத்தேன். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

திருநெல்வேலிப் பெண் மாடிப் பெண்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். கடைக்காரன் போன் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவள் அதை நம்பாமல் போனை அதன் அட்டைப் பெட்டியில் போட்டு மூடிவைத்துவிட்டு, ரோட்டுக்குப் போய்த் தோழியின் பட்டன் போனில் ஊருக்குப் பேசினாள். குழந்தை பேச வரவில்லை. படம் நின்றுபோன அன்றைக்குத் திரையில் அம்மாவின் முகம் கண் மூடி, வாய் திறந்தபடி அசையாமல் நின்றிருக்கிறது. குழந்தை பயந்து கத்தியிருக்கிறது. அதன் பிறகு வெறும் குரலை அது நம்பவில்லை. வேனிலும் ஏறவில்லை.

மனைவி துணி காயப்போட மாடிக்குப் போனபோது இதெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். "கூப்பிட்டா வர மாட்டேங்காளாம். போன எடுத்தாலே ஓடிருதாளாம்" என்று அந்தப் பெண்ணின் பேச்சிலேயே சொன்னாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "கோளாறு போன்லயா, உங்க பெட்டிலயா?"

"என்கிட்ட" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அந்தப் பொண்ணு சரியா சாப்புடாம கீது. சொல்லிட்டு வந்து நீங்க சாப்புடுங்க" என்று என் தட்டை மூடிவைத்தாள்.

முதலில் பெட்டியின் முன் உட்கார்ந்து, தானாக எண் கொடுக்கும் வசதியைத் திறந்தேன். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பெட்டி கொடுக்கலாம் என்று எல்லை போட்டேன். நிலையான எண் வேண்டிய வீட்டுப் பிரிண்டரையும் வாசல் கேமராவையும் அந்த எல்லைக்கு வெளியே வைத்தேன். வெளியே போகும் வழி எது என்பதைப் பதிந்தேன். ஓர் எண் ஒரு போனிடம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பெட்டி கேட்டது. ஒரு ஷிப்ட் நேரம் என்று வைத்தேன். வேலைக்குப் போனவளின் எண் இன்னொருத்திக்கு உதவும். சேமித்துவிட்டு, என் போனில் நான் போட்டிருந்த எண்ணை அழித்தேன். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. எண் வந்தது. நான் கொடுக்காத எண். இவ்வளவுதான் வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

பிறகு நானே படியேறிப் போனேன். எல்லோருடைய போன்களிலும் என் எண்களை எடுத்துவிட வேண்டியிருந்தது. கடைசியாகத் திருநெல்வேலிப் பெண்ணிடம், "உன் போன் நல்ல போன்மா. ஒரே எண்ணை ரெண்டு பேருக்குக் கொடுத்துட்டேன். அன்னிக்கு மத்தியானமே தெரியும். சொல்லல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "கடைக்காரன களவாணிப் பயன்னுட்டேனே சார்."

"அவ்ளோதானா? நீ பேசின பேச்சுக்கு நாங்க பஸ் ஸ்டாண்டுக்கே ஓடி வந்துட்டோம்க்கா" என்றாள் பக்கத்து அறைப் பெண். மற்றவர்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

"சொல்லிருக்கலாம்லா சார்" என்றாள் மெதுவாக. "புள்ள ஸ்கூலுக்குப் போவல."

அட்டைப் பெட்டியிலிருந்து போனை எடுக்கச் சொல்லி, அதிலிருந்த என் எண்ணை அழித்தேன்.

மறுநாள் காலை அவள் மாடிப்படியில் உட்கார்ந்து புதிய போனில் ஊருக்குப் பேசினாள். கீழே நான் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தேன். குழந்தை முகத்தைக் காட்டவில்லை போலிருக்கிறது.

"ஏட்டி, ரிப்பன் யாரு கட்டிவிட்டா? ஒரு பக்கம் தொங்குது."

"ஆச்சி" என்றது ஒரு சின்னக் குரல்.

"ஆச்சிக்குக் கண்ணு சரியாத் தெரியாதுல்லா. இங்கன திரும்பு, அம்மா பாக்கட்டும்."

பிறகு அந்தக் குரல், "கைய ஆட்டு" என்றது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆட்டு."

போனில் வேனின் ஹாரன் கேட்டது. அதன் பிறகும் அவள் கையை நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் வந்து நின்றாள். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"சார், கடை தொறந்திருப்பான். நீங்களே வந்து அவன்கிட்ட சொல்லணும்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.