கறி இல்லாத குஸ்கா

சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், சர்ச் வாசலில் பத்துப் பேர் காதில் விழும்படி அறிவித்தேன்: ஈஸ்டர் வரைக்கும் லெந்து நாட்கள் நாற்பதும் கறி, மீன் எதையும் தொடமாட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் நாலு பேருக்குத் தெரியாமல் ஒன்றைத் துறந்து என்ன பயன்? என் மனைவி பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளும் அன்று மனசுக்குள் ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை செய்திருந்தாள் என்பது எனக்கு ஈஸ்டர் வரை தெரியாது.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. அளவு இம்மி கூடினாலும் ‘ரிஜெக்ட்’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். இப்பேர்ப்பட்ட கறார் ஆசாமிக்கு ஆறு வாரம் கத்திரிக்காய் சாப்பிடுவது ஒரு விஷயமா? முதல் வாரம் என்னை நானே வியந்துகொண்டேன். கேன்டீனில் பக்கத்தில் சிக்கன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், “எல்லாம் மனசுதான் சார். நாம சொன்னா அது கேக்கணும்” என்று வலியப்போய் உபதேசம் செய்தேன். அவர் எலும்பைக் கடித்தபடியே தலையாட்டினார்.

மனசு கேட்டது, மூக்கு கேட்கவில்லை. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பிரியாணிக் கடை. மாலை ஆறு மணிக்கு அண்டாவைத் திறப்பார்கள். என் ரயிலும் அதே நேரத்துக்குத்தான் வந்து தொலையும். இரண்டாவது வாரம் சுற்று வழியில் போனேன். கால் மணி நேரம் கூடுதல் நடை. மூன்று நாள் தாக்குப் பிடித்தேன். நான்காம் நாள், அதுவரை வலித்தே இராத மூட்டு வலிப்பதாக மூளை தகவல் அனுப்பியது. என் உடம்பின் மேல் அதற்கு அத்தனை அக்கறை.

பழைய வழியிலேயே போனேன். கடையில் ஒன்றும் வாங்கவில்லை, விலைப்பலகையைத்தான் வாசித்தேன். வாசிப்பதில் பாவமில்லையே. கடைசி வரியில் குஸ்கா என்றிருந்தது. கறித்துண்டு இல்லாத வெறும் பிரியாணிச் சோறு. அதாவது, சட்டப்படி பார்த்தால், சைவம்.

“ஒரு குஸ்கா. பீஸ் எதுவும் வரக்கூடாது.”

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா சார், விரதமா?”

“ஆமா.”

“அதே அண்டாதான் சார் இது. பாத்துதான் போடுவேன். தப்பித் தவறி ஒண்ணு வந்துச்சுன்னா என்னாண்ட சண்டைக்கு வராத.”

வந்தது. சோற்றுக்கு அடியில், கட்டைவிரல் தண்டிக்கு ஒரு மட்டன் துண்டு. வெகுநேரம், அதாவது ஐந்து விநாடி, யோசித்தேன். ஆண்டவர் தந்த உணவை வீணாக்குவது எவ்வளவு பெரிய பாவம்! அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று குஸ்கா என்று ஆனது. “அடியிலேர்ந்து போடுங்க” என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். அடியில்தான் சோறு சூடாக இருக்கும். கடைக்காரர் சிரிக்காமல் போட்டுத் தருவார். நல்ல மனிதர்.

வீட்டில் மனைவி ஒன்றுமே கேட்கவில்லை. இது அதிசயம். அவள் பள்ளி ஆசிரியை. போர்டில் எழுதிக்கொண்டே, பின்னால் எந்தப் பிள்ளை பென்சிலைக் கடிக்கிறது என்று சொல்கிறவள். நான் நுழைந்ததும் என் சட்டையை ஒரு பார்வை பார்ப்பாள். உடனே சொம்பை எடுத்து வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். அதை விழுங்க வெகுநேரம் ஆகும். நான் மென்றுவிட்டு வந்த சோம்பு வேலை செய்கிறது என்று நம்பினேன்.

“ரொம்பத் தண்ணி குடிக்கிறியே, சுகர் இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுத்துடு” என்றேன் அக்கறையாக. அவள் இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் எங்கள் சர்ச் ஆயர் போன் செய்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இச்சையடக்கம் பற்றி நான் பத்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டுமாம். “நீங்க எல்லாருக்கும் ஒரு முன்மாதிரி.” மறுத்திருக்கலாம். மறுப்பதில் எனக்கிருந்த திறமைதான் தெரிந்ததாயிற்றே. இருபது நிமிடம் பேசினேன். சோதனை இருக்கும் தெருப்பக்கமே போகாதீர்கள், சுற்றிப் போங்கள் என்றேன். மூட்டு வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் என் மனைவி தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் குக்கரில் மட்டனை ஏற்றினாள். முதல் விசில் வந்தது. என் பக்கம் திரும்பினாள்.

“நாப்பது நாள் முடிஞ்சிதுங்க.”

“ஆமா, ஸ்தோத்திரம்.”

“உங்களுக்கில்ல, எனக்கு. இந்த லெந்துல உங்கள ஒரு குறையும் சொல்றதில்லன்னு பொருத்தனை பண்ணியிருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துடும். அதான் தண்ணி. வாயில தண்ணி இருந்தா பேச முடியாதுல்ல?”

பிறகு ஆரம்பித்தாள். எந்தக் கிழமை எந்தச் சட்டையில் எண்ணெய்க் கறை, காலரில் ஒட்டியிருந்த புதினா இலை, எனக்கு மட்டும் ராத்திரி தோசை இறங்காமல் போனது. கடைக்காரரின் மகள் அவள் வகுப்பாம். “‘மிஸ், உங்க சார் எங்கப்பா கடைக்கு ரெகுலர்’னு அது சொல்லுது. நான் பாட்டிலத் தேடுறேன்!” கடைசியாக அந்தச் சாட்சிக்கு வந்தாள். “சுத்திப் போகணுமா? ஏங்க, சுத்தியா?”

குக்கர் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தது. அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை. மட்டன் குழைந்து கூழாகிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. நான் தாங்கியது பத்து நாள். அவள் நாற்பது நாளும், அதுவும் என்னை எதிரில் வைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் தாங்கியிருக்கிறாள்.

“எப்படி முடிஞ்சிது உன்னால?” என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். “எங்க முடிஞ்சிது? ரெண்டு மூணு தரம் பாத்ரூமுக்குள்ள போயி, கொழாயத் தொறந்துவிட்டு, உங்கள நல்லாத் திட்டினேன்.”

“அப்போ பொருத்தனை?”

“உங்க காதுல விழல இல்ல? அப்போ அது சொன்னதுல சேராது” என்று எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.